முதல் தனித்தொகுப்பும் பெயர் தெரியாத ஓர் ஆசிரியரும்



வழக்கமாக நம் மொழி, நம் பள்ளி, நம் வரலாறு என்று எழுதி வருபவன் நான். இம்முறை இங்கிலாந்து நாட்டுப் பாப் பாடகர் ஒருவரைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டதைக் கண்டு சிலர் வியப்படையலாம். புகழ்பெற்ற ஒரு குழுவிலிருந்து விலகிய இளைஞர் ஒருவர் தனியாக வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பின் வரலாறு இது. அத்தொகுப்பின் கடைசியில் ஆசிரியர்களாகிய நமக்கென்றே ஒரு செய்தி மறைந்திருக்கிறது. அதனால்தான் எழுதத் துணிந்தேன். பொறுமையுடன் இறுதிவரை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஐவர் குழுவின் இளையவர்

இராபர்ட் பீட்டர் வில்லியம்ஸ் என்னும் இராபி வில்லியம்ஸ் 13 பிப்ரவரி 1974ஆம் நாள் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் பிறந்தார். மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற தொழிலாளர் நகரம் அது. தந்தையார் மேடைகளில் நகைச்சுவை வழங்கிவந்த கலைஞர். பெற்றோர் பிரிந்தபோது இராபி சிறு குழந்தை. தாயாரின் வளர்ப்பில் வளர்ந்தார். பள்ளிப் பருவத்தில் உள்ளூர் நாடக மேடைகளில் ஆர்வத்துடன் நடித்தார். 'ஆலிவர்' என்னும் இசைநாடகத்தில் ஆர்ட்ஃபுல் டாட்ஜர் என்னும் குறும்புக்காரச் சிறுவன் வேடம் ஏற்றதும் உண்டு. ஆனால், தேர்வுத்தாள்களில் அவர் ஒளிவீசவில்லை. எழுத்துகளைப் படித்தறிவதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா தமக்கு இருப்பதாகப் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

1990ஆம் ஆண்டில், மான்செஸ்டர் நகரில் நைஜல் மார்ட்டின்-ஸ்மித் என்னும் மேலாளர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து 'டேக் தட்' என்னும் பாடற்குழுவை அமைத்தார். கேரி பார்லோ, ஹோவர்ட் டொனால்ட், ஜேசன் ஆரஞ்சு, மார்க் ஓவன் ஆகியோருடன் ஐந்தாமவராகச் சேர்ந்தவர் இராபி. அப்போது அவருக்கு வயது 16. குழுவிலேயே இளையவர் அவர்தாம்.

இக்குழுவில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. பாடல்களில் பெரும்பாலானவற்றை இயற்றியவரும் முதற்குரலாகப் பாடியவரும் பார்லோ. மற்றவர்கள் பின்னணிக் குரல் கொடுத்து ஆடினார்கள். இராபிக்கு முதற்குரல் வாய்ப்பு எப்போதாவதுதான் கிடைத்தது. 1993இல் 'பிரே' பாடல் பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அதன்பிறகு முதலிடங்கள் வரிசையாக வந்தன. 1995இல் வெளிவந்த 'பேக் ஃபார் குட்' அமெரிக்காவிலும் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது.

ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். முதல் மாணவர், நல்ல பிள்ளைகள், கடைசி வரிசையில் ஒரு குறும்புக்காரன். டேக் தட் குழுவை உலகம் இப்படித்தான் பார்த்தது. முதல் மாணவர் பார்லோ; கடைசி வரிசைக்காரர் இராபி.

விலகலும் தடையும்

1995 ஜூன் மாதம் நடைபெற்ற கிளாஸ்டன்பரி இசைவிழாவில் இராபி ஒயாசிஸ் குழுவினருடன் குடித்துக் கும்மாளமிட்ட காட்சிகள் செய்தித்தாள்களில் வெளியாயின. குழுவின் கட்டுப்பாடுகளுக்கு இது முற்றிலும் முரணானது. போதைப் பழக்கமும் அவரை ஏற்கெனவே பற்றியிருந்தது. அடுத்த மாதமே அவர் குழுவிலிருந்து விலகிய செய்தி வெளியானது. எஞ்சிய நால்வரும் சுற்றுப்பயணத்தைத் தொடர்ந்தனர். 13 பிப்ரவரி 1996 அன்று குழு கலைவதாக அறிவித்தார்கள். அன்று இராபிக்கு 22ஆவது பிறந்தநாள் என்பது ஒரு விந்தை. மனமுடைந்த இரசிகைகளுக்காகத் தொலைபேசி ஆலோசனைச் சேவைகள் ஏற்பாடு செய்யப்பட்டன என்றால் அக்குழுவின் செல்வாக்கை நீங்கள் உணரலாம்.

குழுவைவிட்டு வந்தாலும் ஒப்பந்தம் அவரை விடவில்லை. குழு கலையும்வரை அவரால் தனியாக எந்தப் பாடலையும் வெளியிட இயலவில்லை. வழக்கறிஞர்களும் பேச்சுவார்த்தைகளுமாக மாதங்கள் கழிந்தன. இதற்கிடையே அவர் உடல் பருத்தது. குடி மிகுந்தது. நாளேடுகள் நாள்தோறும் எள்ளி நகையாடின.

1996 ஜூன் மாதம் கிரிசாலிஸ் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு அவர் வெளியிட்ட முதல் தனிப்பாடல் 'ஃபிரீடம்'. இது ஜார்ஜ் மைக்கேல் 1990இல் வெளியிட்ட பாடலின் மறுவடிவம். ஜார்ஜ் மைக்கேலும் 'வாம்' என்னும் புகழ்பெற்ற இரட்டையர் குழுவிலிருந்து தனிவழி கண்டவர்தாம். விடுதலை என்று பொருள்படும் தலைப்பை இராபி தேர்ந்தெடுத்ததன் காரணம் எல்லாருக்கும் விளங்கியது. பாடல் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. ஆனால், அது இரவல் பாடல். தமக்கென்று ஒரு சொல் இராபியிடம் உண்டா என்னும் கேள்வி அப்படியே நின்றது.

இருவர் ஓடிய ஓட்டம்

குழு கலைந்தபோது பிரிட்டிஷ் இசை உலகம் யார்மீது பந்தயம் கட்டியது? ஐயமின்றிக் கேரி பார்லோவின்மீதுதான். அடுத்த ஜார்ஜ் மைக்கேல் இவர்தாம் என்று பேசினார்கள். அந்தக் கணிப்பு முதலில் பலிக்கவும் செய்தது. 1996இல் பார்லோவின் 'ஃபாரெவர் லவ்' நேராக முதலிடம் சென்றது. 1997இல் அவருடைய முதல் தனித்தொகுப்பாகிய 'ஓபன் ரோட்' அதுவும் முதலிடம். மார்க் ஓவன் வெளியிட்ட 'கிரீன் மேன்' பெரிதாக எடுபடவில்லை. இராபியோ மதுவுக்கும் போதைக்கும் அடிமையாகி, அதே 1997இல் மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை பெறும் நிலைக்குப் போனார்.

அந்தக் கட்டத்தில் யாரேனும் ஒருவர் மதிப்பீட்டு அறிக்கை எழுதியிருந்தால், பார்லோவுக்குச் 'சிறப்பு' என்றும் இராபிக்கு 'முயற்சி போதவில்லை' என்றும் எழுதிக் கையொப்பமிட்டிருப்பார். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

தொகுப்பு உருவான விதம்

1997 தொடக்கத்தில் இராபிக்குக் கை சேம்பர்ஸ் என்னும் இசைக்கலைஞரின் நட்பு வாய்த்தது. 'வாட்டர்பாய்ஸ்', 'வேர்ல்டு பார்ட்டி' ஆகிய குழுக்களில் பணியாற்றியவர் அவர். கவிதை போல் எதையெதையோ எழுதி வைத்திருந்த இளைஞருக்கு இசையமைப்பும் ஒழுங்கும் அறிந்த ஒரு துணை கிடைத்தது. இருவரும் அமர்ந்த வேகத்தில் பாடல்கள் பிறந்தன. சேம்பர்சும் ஸ்டீவ் பவரும் இணைந்து தொகுப்பைத் தயாரித்தனர். 'லைஃப் த்ரூ எ லென்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒளிப்படக் கருவியின் வழியே ஒரு வாழ்க்கை என்பது அதன் பொருள். முகப்பு அட்டையிலும் ஒளிப்படக்காரர்கள் சூழ நிற்கிறார் இராபி.

டேக் தட் பாடல்கள் காதலும் கனிவுமாய் மெருகேற்றப்பட்டவை. இத்தொகுப்பில் கித்தார் ஓசை உயர்ந்து ஒலித்தது. அக்காலத்தில் கொடிகட்டிப் பறந்த 'பிரிட்பாப்' பாணியின் சாயல் தெரிந்தது. தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் வரிகளும் இருந்தன. பழைய சகாவாகிய பார்லோவைச் சாடுவதாகப் பலரும் கருதிய ஒரு பாடலும் இருந்தது.

எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்த மெல்லிசைப் பாடல் 'ஏஞ்சல்ஸ்'. இதன் பிறப்பில் ஒரு சிக்கல் உண்டு. இராபியும் சேம்பர்சும் அரைமணி நேரத்துக்குள் எழுதிய பாடல் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆனால், டப்ளின் நகரில் இராபி சந்தித்த ரே ஹெஃபர்னன் என்னும் அயர்லாந்துப் பாடலாசிரியர், தொடக்க வடிவம் தம்முடையது என்றார். பாடல் வெளியாகும் முன்னர் அவருக்கு 7,500 பவுண்டு கொடுக்கப்பட்டு உரிமை முடித்துக்கொள்ளப்பட்டது. அவருடன் சேர்ந்து ஒரு முதல் வடிவம் எழுதியதைப் பின்னாளில் இராபியும் ஒப்புக்கொண்டார். வெற்றி பெற்றவர் பெயரை உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது. உடன் நின்றவர் பெயரைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

இருபத்தெட்டு வாரங்கள்

தொகுப்பிலிருந்து முதலில் வெளிவந்த 'ஓல்டு பிஃபோர் ஐ டை' 1997 ஏப்ரலில் இரண்டாம் இடம் பெற்றது. அடுத்த பாடல் எட்டாம் இடம். அதற்கடுத்தது 14ஆம் இடம். படிப்படியாக இறங்குமுகம். 29 செப்டம்பர் 1997 அன்று முழுத் தொகுப்பும் கடைகளுக்கு வந்தபோது 11ஆம் இடத்தில்தான் நுழைந்தது. பிறகு கீழே இறங்கியது. சில மாதங்களுக்கு முன்னர் முதலிடம் கண்ட பார்லோவுடன் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு முடிவு தெளிவாகத் தெரிந்திருக்கும்.

ஆனால், முடிவு அதுவன்று. டிசம்பரில் 'ஏஞ்சல்ஸ்' தனிப்பாடலாக வெளியானது. அது முதலிடத்தைப் பிடிக்கவே இல்லை. நான்காம் இடமே அதன் உச்சம். ஆயினும் இறங்க மறுத்தது. வாரக்கணக்கில் விற்றுக்கொண்டே இருந்தது. பாடலைக் கேட்டவர்கள் தொகுப்பைத் தேடிப் போனார்கள். 1998 மார்ச்சில் 'லெட் மீ எண்டர்டெய்ன் யூ' மூன்றாம் இடம் பெற்றது. ஏப்ரல் மாதத்தில், அதாவது வெளியாகி 28 வாரங்கள் கழிந்து, 'லைஃப் த்ரூ எ லென்ஸ்' முதலிடத்தில் அமர்ந்தது. பிரிட்டனில் மட்டும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. 2005இல் பிரிட் விருது விழாவில், அதற்கு முந்திய 25 ஆண்டுகளின் சிறந்த பாடலாக 'ஏஞ்சல்ஸ்' தேர்வு பெற்றது.

முதல் மாணவர் என்ன ஆனார்? 1999இல் பார்லோவின் இரண்டாம் தொகுப்பு தோல்வி கண்டது. நிறுவனம் அவரைக் கைவிட்டது. ஆண்டுக்கணக்கில் அவர் பொதுமேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். 2003 ஆகஸ்டில் இராபி நெப்வொர்த் திடலில் மூன்று நாளில் 375,000 பேர் முன்னிலையில் பாடினார். அதன்பின் சக்கரம் மீண்டும் சுழன்றது. 2006இல் நால்வராக மீண்டெழுந்த டேக் தட் மாபெரும் வெற்றி பெற்றது. 2010இல் இராபி திரும்பி வந்து இணைந்தார். பகை மறந்து பார்லோவும் இராபியும் ஒரு பாடலைச் சேர்ந்தே எழுதிப் பாடினார்கள். இருவருடைய மதிப்பீட்டு அறிக்கையையும் எந்த ஆண்டில் எழுதினாலும் அடுத்த சில ஆண்டுகளில் அது பொய்த்துப்போயிருக்கும்.

மௌனத்திற்குப் பின் ஒரு குரல்

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

'ஏஞ்சல்ஸ்' வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்தபோது நான் ஐந்தாம் படிவ மாணவன். ஆனால், முழுத் தொகுப்பையும் கேட்டது சில ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் விடுதியில்தான். அறைத்தோழர் ஒருவர் தம் குறுவட்டை இரவல் தந்திருந்தார். மறுநாள் பயிற்றுப்பணிக்கான பாடத்திட்டத்தை எழுதிக்கொண்டிருந்தேன். கடைசிப் பாடல் முடிந்தது. வட்டு நின்றுவிட்டது என்று எண்ணி எழுத்திலேயே கவனமாக இருந்தேன். பல நிமிடங்களுக்குப் பின்னர், யாரும் இல்லாத அறையில் திடீரென ஒரு குரல் பேசியது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு.

குறுவட்டுக் காலத்தில் இப்படிக் கடைசிப் பாடலுக்குப் பின் நீண்ட மௌனம் விட்டு, அட்டையில் குறிப்பிடாமல் ஒன்றை மறைத்து வைப்பது வழக்கமாக இருந்தது. இங்கே மறைந்திருந்தது 'ஹலோ சார்' என்னும் கவிதை. இசை கிடையாது. இராபி தம் பழைய பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்துப் பேசுகிறார். தம்மைப் பெயர் சொல்லிக்கூட அழைக்காதவர், அழவைத்தவர், நீ உருப்படமாட்டாய் என்று நினைத்தவர் எனக் குற்றம் சாட்டுகிறார். இன்று என்னைப் பாருங்கள் என்று எள்ளலுடன் முடிக்கிறார். பாடகர் பெரும்புகழ் பெற்ற பின்னர் எழுதிய வெற்றி முழக்கம் அன்று இது. 11ஆம் இடத்தில் நுழைந்து இறங்கிய அதே தொகுப்பில் ஏற்கெனவே பதிந்திருந்தது. தோற்றுக்கொண்டிருந்த நாளிலும் அந்த ஆசிரியரின் சொல் அவருக்குள் ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று நான் சிரித்தேன். அறைத்தோழரை அழைத்து மறுபடியும் போட்டுக் காட்டினேன். நாங்கள் இருவரும் அந்தச் சிறுவன் பக்கம் நின்றோம். நாங்கள் எந்தப் பக்கம் போய்ச் சேரப்போகிறோம் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வாசிப்பு வராது. எந்நேரமும் விரல்களால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பான். 'தாளம்' என்று அவனுக்குப் பட்டப்பெயர் சூட்டியவன் நான்தான். வகுப்பே அப்படி அழைத்தது. ஒருநாள் பொறுமையிழந்து, "மேசையைத் தட்டியே சோறு சாப்பிடலாம் என்று நினைப்போ? எதற்கும் உதவமாட்டாய்" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் மறந்தும் போனேன்.

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்து, வாகனச் சக்கரம் மாற்றும் கடையொன்றில் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"சார், என்னைத் தெரியுதா?"

முகம் நினைவுக்கு வந்தது, பெயர் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. என் தடுமாற்றத்தைக் கண்டு அவரே உதவினார்.

"தாளம், சார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தம் வேலையை நேர்த்தியாகச் செய்து முடித்தார். நலம் விசாரித்தார். குறை என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய வகுப்புப் படத்தை எடுத்து, அதன் கீழே அச்சிட்டிருந்த வரிசையில் அவர் பெயரைத் தேடிப் படித்தேன். ஓராண்டு முழுவதும் நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் நான் குறியிட்ட பெயர் அது.

'ஹலோ சார்' கவிதையை நான் மீண்டும் கேட்டது அன்றிரவுதான். அன்று சிரிப்பு வரவில்லை.

இராபியின் கதையைச் சில ஆசிரியர் நண்பர்களிடம் சொன்னபோது, "திட்டியதால்தானே வைராக்கியம் வந்து முன்னேறினான்" என்றார் ஒருவர். இதை நான் ஏற்கவில்லை. அந்தத் தொகுப்பைக் கரைசேர்த்தது 'ஏஞ்சல்ஸ்'. அதன் பின்னால் சேம்பர்ஸ் என்னும் பொறுமையான துணை இருந்தது; மறுவாழ்வுச் சிகிச்சை இருந்தது; மேடை இருந்தது. ஆசிரியரின் சுடுசொல் கொடுத்தது ஒரு கசப்பான கவிதையை மட்டுமே. அந்த ஆசிரியரின் தரப்பு நமக்குத் தெரியாது என்பதும் உண்மைதான். அவரும் களைத்துப்போன ஒரு மாலையில் வாய்தவறிப் பேசியிருக்கலாம். ஆயினும் பல இலட்சம் பேர் கேட்கும்படி பதில் சொல்லும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒரு மாணவருக்கும் கிட்டுவதில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பட்டப்பெயரைச் சுமந்து போய்விடுகிறார்கள்.

அதன்பிறகு ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். ஆண்டின் முதல் வாரத்திலேயே எல்லா மாணவர்களின் முழுப்பெயரையும் மனனம் செய்துவிடுவேன். பெயருக்கு எதிரே, அப்பிள்ளைக்கு எது நன்றாக வரும் என்று ஒரு வரி எழுதி வைப்பேன். சிலருக்கு அந்த வரி கிடைக்க மார்ச்சு மாதம்கூட ஆகிவிடும். கிடைக்கும்வரை அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவைக்கிறேன். 'ஒன்றுமில்லை' என்று மட்டும் எழுதுவதில்லை.

அந்த இளைஞரின் கடைக்கு மறுமுறை சென்றபோது பெயர் சொல்லி அழைத்தேன். ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு, "வாங்க சார்" என்றார்.